தொலைகாட்டியில் வானத்தைக் கலரில் எடுக்க எந்த பில்டர்? யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாட்டிக் கடற்கரையிலோ காரைநகர்ப் பக்கமோ தொலைகாட்டியை விரித்து வைத்தால், வியாழன் பார்க்க வருகிறவர்களில் ஒன்றிரண்டு பேராவது கமராப் பக்கம் வந்து நின்றுவிடுவார்கள். சில மாதத்தில் அவர்களே சொந்தமாகப் படம் எடுக்கத் தொடங்குவார்கள். தொடங்கியதும் வருகிற முதல் குழப்பம் பில்டர். எந்த நிறம், எந்த அளவு, எத்தனை என்று ஒரே கேள்விகளை வேறு வேறு வாயால் பல வருடங்களாகக் கேட்டுவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணைக் காட்டியிருக்கிறேன்.

1. "அண்ணா, என்னட்டக் கலர் கமராவே இருக்கு. பிறகேன் கலர் பில்டர்?"

கமராவின் சென்சருக்கு நிறம் தெரியாது. எவ்வளவு ஒளி விழுந்தது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். கலர் கமராவில் ஒவ்வொரு பிக்சலுக்கு மேலும் ஒரு சின்ன நிறப் பில்டரைத் தொழிற்சாலையிலேயே பதித்து விடுகிறார்கள். நான்கு பிக்சலுக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். ஆகவே கமரா வாங்கிய அன்றே நீங்கள் பில்டரும் வாங்கிவிட்டீர்கள்.

மோனோ என்கிற கறுப்பு-வெள்ளைக் கமராவில் அந்தப் பில்டர்கள் இல்லை. சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக முன்னால் வைத்துத் தனித்தனியாக எடுத்து, பிறகு கணினியில் ஒன்று சேர்க்கிறோம். நிறத்தை உண்டாக்குகிற பில்டர்கள் இவை. வேண்டாத ஒளியைத் தடுக்கிற பில்டர்கள் வேறு. அவை கலர் கமராவுக்கும் தேவைப்படும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சந்தேகங்கள் வருகின்றன.

2. "அப்ப மோனோ வாங்கிறதோ, கலர் வாங்கிறதோ?"

முதல் கமரா என்றால் கலர். இதை நான் யோசிக்காமலே சொல்வேன், காரணம் எங்கள் வானம். ஒக்டோபரில் இருந்து டிசம்பர் வரை வாடைக்காற்று மழை. மே மாதத்துக்குப் பிறகு சோளகம் அடிக்கத் தொடங்கினால் மழை இல்லாவிட்டாலும் குழாய் ஆடும், தூசி பறக்கும். நம்பி எடுக்கக்கூடிய இரவுகள் பெப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான் அதிகம். அதிலும் நள்ளிரவில் முகில் வந்து மூடும். மோனோவில் சிவப்பும் பச்சையும் எடுத்து முடித்து, நீலம் தொடங்கும்போது முகில் வந்தால் அன்றைய இரவில் கலர்ப்படம் இல்லை. கலர் கமராவில் எடுத்த ஒவ்வொரு படத்திலும் மூன்று நிறமும் இருக்கும்.

நகரத்துக்குள் இருந்து நெபுலாக்களைத்தான் (வானத்து வாயு முகில்களைத்தான்) எடுக்கப் போகிறேன் என்று முடிவாக இருப்பவர்களுக்கு மோனோ சரி. ஏன் என்பதை 7ஆம் கேள்வியில் சொல்கிறேன்.

3. "எல்.ஆர்.ஜி.பி எண்டு நாலு விக்கிறாங்கள். மூண்டு நிறத்துக்கு ஏன் நாலு பில்டர்?"

எல் என்பது லூமினன்ஸ். அலைநீளம் 400 முதல் 700 நனோமீற்றர் வரை, கண்ணுக்குத் தெரிகிற ஒளி முழுவதையும் அது விடும். மற்ற மூன்றும் (ஆர் சிவப்பு, ஜி பச்சை, பி நீலம்) அந்த வீச்சை ஏறக்குறைய மூன்று பங்காகப் பிரித்துக்கொள்கின்றன. எங்கள் கண் நுணுக்கங்களை வெளிச்ச வேறுபாட்டில்தான் பிடிக்கிறது. நிறம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். அதனால் நுணுக்கத்துக்கு எல்லில் நீண்ட நேரம் எடுத்து, நிறத்துக்கு மற்ற மூன்றிலும் குறைந்த நேரம் எடுத்தால் போதும். மோனோவின் வேகம் இங்கேதான் இருக்கிறது.

ஆனால் எல் எல்லாவற்றையும் விடும் என்றால் வீதி வெளிச்சத்தையும் விடும். நல்ல ஆர்.ஜி.பி செட்டுகளில் பச்சை முடிகிற இடத்துக்கும் சிவப்பு தொடங்குகிற இடத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். சோடியம் விளக்கின் 589 நனோமீற்றர் மஞ்சள் அதற்குள் விழுந்து மறைந்துவிடும். கொக்குவில், கோண்டாவில் போன்ற இடங்களில் மேல்மாடியில் இருந்து எடுப்பவர்களுக்கு என் யோசனை: எல்லை விட்டுவிட்டு, அந்த நேரத்தையும் மூன்று நிறங்களுக்கே கொடுங்கள்.

4. "கிரகம் பாக்கிறதுக்கு வந்த கலர்க் கண்ணாடி செட் ஒண்டு இருக்கு. அதைப் போட்டு எடுத்தாச் சரிதானே?"

சரிவராது. 25ஆம் இலக்கச் சிவப்பு, 58ஆம் இலக்கப் பச்சை, 80ஏ நீலம் என்று வருகிற அந்தக் கண்ணாடிகள் கண்ணால் பார்ப்பதற்கானவை. சாயம் கலந்த கண்ணாடி என்பதால் ஒரு நிறம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது கூராக இருக்காது. அதைவிடப் பெரிய சிக்கல், அவை அகச்சிவப்பைத் தாராளமாக விட்டுவிடும். எங்கள் கண்ணுக்கு அது தெரியாது, சென்சருக்கு நன்றாகத் தெரியும். நீலக் கண்ணாடியில் எடுத்த படத்தில் அகச்சிவப்பு கலந்தால், சிவந்த கேட்டை நட்சத்திரம் நீலப் படத்திலும் பளீரென்று நிற்கும். மூன்றையும் சேர்க்கும்போது நிறம் குழம்பிவிடும்.

படத்துக்கான பில்டர்கள் மெல்லிய படலங்களை அடுக்கடுக்காகப் பூசிச் செய்தவை. வெள்ளைத் தாளுக்கு மேலே ஒன்றைச் சரித்துப் பாருங்கள், நிறம் மாறிக்கொண்டு போகும். சாயக் கண்ணாடி எப்படிச் சரித்தாலும் ஒரே நிறம்தான்.

5. "யூ.வி-ஐ.ஆர் கட் எண்டு ஒண்டு இருக்காமே. கட்டாயம் வேணுமோ?"

புற ஊதாவையும் அகச்சிவப்பையும் வெட்டுகிற பில்டர் அது. வேணுமா என்பது கமராவைப் பொறுத்தது. சிலிக்கன் சென்சர் ஏறக்குறைய 1,000 நனோமீற்றர் வரைக்கும் ஒளியைப் பிடிக்கும். சில வானியல் கமராக்களில் சென்சருக்கு முன்னால் இருப்பது வெறும் தெளிந்த கண்ணாடி. சிலவற்றில் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி. விவரத்தாளில் எது என்று எழுதியிருக்கும். தெளிந்த கண்ணாடி என்றால், லென்ஸ் தொலைகாட்டியில் இந்தப் பில்டர் இல்லாமல் எடுக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் ஒளி குவிகிற இடத்தில் அகச்சிவப்பு குவிவதில்லை, ஆகவே ஒவ்வொரு நட்சத்திரத்தைச் சுற்றியும் ஊதிய மாதிரி ஒரு மங்கல் வட்டம் வரும். எவ்வளவு போக்கஸ் செய்தாலும் அது போகாது.

மோனோவுக்கு வாங்கும் எல்.ஆர்.ஜி.பி செட்டில் பெரும்பாலும் நான்குமே அகச்சிவப்பைத் தடுக்கும். அப்படியானால் இதற்கென்று தனியாகச் செலவழிக்கத் தேவையில்லை.

6. "ரோட்டு லைட் வெளிச்சத்தை வெட்டுற பில்டர் போட்டால் வீட்டு மேல்மாடியிலயே அந்திரோமெடா எடுக்கலாம்தானே?"

அதிகம் பேர் காசு விடுகிற இடம் இது. முதலில் உங்கள் வீதியில் என்ன விளக்கு எரிகிறது என்று பாருங்கள். பழைய சீடி ஒன்றை எடுத்து, விளக்கின் பிம்பம் அதில் விழும்படி பிடித்து மெல்லச் சரியுங்கள். மஞ்சள் சோடியம் விளக்கில் நிறங்கள் இடையிடையே இருண்ட வெட்டு விழுந்து துண்டு துண்டாக நிற்கும். வெள்ளை எல்.ஈ.டி விளக்கில் நீலத்தில் ஒரு பளிச்சும், அதன் பிறகு வெட்டே இல்லாமல் சிவப்பு வரை நீளும் வானவில்லும் தெரியும்.

வெளிச்சத்தை வெட்டும் பில்டர்கள் சோடியம், இரச விளக்குகளின் காலத்தில் பிறந்தவை. 589, 546, 436 என்று அந்த விளக்குகள் குறிப்பிட்ட சில அலைநீளங்களில்தான் அதிகம் எரியும். அவற்றை மட்டும் வெட்டினால் மிச்சமெல்லாம் வானத்து ஒளி. எல்.ஈ.டி எல்லா இடத்திலும் பரந்து எரிகிறது. நட்சத்திரமும் அப்படித்தான். அந்திரோமெடா ஓர் அண்டம் (கலக்ஸி), நட்சத்திரங்களால் ஆனது, ஆகவே வீதி விளக்கை வெட்டினால் அந்திரோமெடாவும் சேர்ந்து வெட்டுப்படும், நிறமும் கோணிப்போகும். எங்கள் வீதிகளில் மஞ்சள் விளக்கு போய் வெள்ளை வர வர இந்தப் பில்டர்களின் பலன் குறைந்துகொண்டே போகிறது.

அண்டங்களுக்கும் நட்சத்திரக் கொத்துகளுக்கும் நான் சொல்லும் பில்டர், காரைநகருக்கோ மணற்காட்டுக்கோ போகிற பெற்றோல் செலவுதான். அதைச் செய்ய முடியாதவர்கள் நல்லூர்த் திருவிழா வெளிச்சம் இல்லாத மாதத்தில், அமாவாசையை ஒட்டி, பொருள் உச்சிக்கு வரும்போது எடுங்கள். பில்டர் தருவதைவிட அது அதிகம் தரும்.

7. "அப்ப டவுனுக்குள்ள இருக்கிறவைக்கு வழியே இல்லையோ?"

இருக்கிறது, ஆனால் நெபுலாவுக்கு மட்டும். ஒளிரும் வாயு நெபுலாக்கள் நட்சத்திரம் மாதிரி எல்லா நிறத்திலும் எரிவதில்லை. ஐதரசன் 656.3 நனோமீற்றரில், இரண்டு இலத்திரன் இழந்த ஒட்சிசன் 500.7இல், ஓர் இலத்திரன் இழந்த கந்தகம் 672க்குக் கிட்ட. எச்-அல்பா, ஓ-3, எஸ்-2 என்று சொல்வது இவற்றைத்தான். இந்த அலைநீளத்தைச் சுற்றி 3 முதல் 7 நனோமீற்றர் அகலத்துக்கு மட்டும் வழிவிடும் பில்டரைக் குறுவீச்சுப் பில்டர் என்கிறோம். கண்ணுக்குத் தெரிகிற 300 நனோமீற்றரில் ஒரு 5ஐ மட்டும் விட்டால் வீதி விளக்கின் வெளிச்சம் அறுபதில் ஒரு பங்காகிறது. நெபுலாவின் ஒளி பெரும்பாலும் அப்படியே உள்ளே வரும். எல்.ஈ.டியையும் வெல்லக்கூடியது இந்த ஒன்றுதான்.

மோனோ இங்கே உதவுகிறது. எச்-அல்பா சிவப்பு என்பதால் கலர் கமராவில் நான்கில் ஒரு பிக்சல்தான் அதைப் பிடிக்கும், மோனோவில் நான்கும் பிடிக்கும். மேல்மாடியில் நின்று தொடங்குபவர்களுக்கு ரோசெட் நெபுலாவைச் சொல்வேன். மாசி மாத இரவில் கிட்டத்தட்ட தலைக்கு நேரே வரும், எச்-அல்பாவில் நிறைய ஒளி.

8. "என்னட்டக் கலர் கமராதான். குறுவீச்சு எனக்குச் சரிவராதோ?"

சரிவரும். ஒரே கண்ணாடியில் எச்-அல்பாவுக்கும் ஓ-3க்கும் இரண்டு வாசல் திறந்து வைத்த இருவீச்சுப் பில்டர்கள் இருக்கின்றன. எச்-அல்பா சிவப்புப் பிக்சலில் விழும். ஓ-3 நீலப்பச்சை என்பதால் பச்சை, நீலம் இரண்டிலும் விழும். சிரில் என்ற இலவச மென்பொருளில் இவற்றைத் தனித்தனியாகப் பிரித்தெடுக்க ஆயத்தக் கட்டளையே இருக்கிறது. கலர் கமராக்காரர் ஒரே ஒரு பில்டருக்குத்தான் காசு செலவழிக்க முடியும் என்றால் இதை வாங்கச் சொல்வேன். 6ஆம் பதிலில் சொன்ன காரணத்தால் அண்டங்களுக்கு இதைப் போட வேண்டாம்.

9. "டி.எஸ்.எல்.ஆர் கமராவுக்கும் இதே கதைதானோ?"

ஒன்று கூடுதலாக இருக்கிறது. சாதாரண டி.எஸ்.எல்.ஆரின் உள்ளே இருக்கும் பில்டர் மனிதத் தோல் நிறம் இயல்பாக வருவதற்காகச் சிவப்பை முன்கூட்டியே குறைக்கத் தொடங்கிவிடும். எச்-அல்பாவில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடுகிறது. அதை மாற்றிய கமராக்களைக் கம்பனிகளே விற்றிருக்கின்றன: 2012இல் கனன் 60டிஏ, 2015இல் நிக்கோன் டி810ஏ, 2019இல் கனன் ஈ.ஓ.எஸ் ஆர்ஏ. சாதாரண கமராவில் இருவீச்சுப் பில்டர் போட்டாலும் படம் வரும், நேரம் பல மடங்கு எடுக்கும். ஓரியன் நெபுலா மாதிரிப் பிரகாசமானவற்றை பில்டரே இல்லாமல் தொடங்குங்கள்.

10. "பறுவம் வரேக்க எடுக்கலாமோ? போயா லீவிலதான் எனக்கு நேரம்."

எச்-அல்பா எடுக்கலாம், நிலவுக்குக் கிட்டப் போகாமல். ஓ-3 கவனம்: நிலவொளி வானத்தில் சிதறும்போது நீலப்பக்கம்தான் கூடச் சிதறும், ஓ-3 அந்தப் பக்கம் இருக்கிறது. ஆர்.ஜி.பி வேண்டாம். அந்த இரவைக் கிரகத்துக்கோ நிலவுக்கோ கொடுங்கள்.

11. "ஒண்டேகால் அங்குலமோ, ரெண்டு அங்குலமோ?"

கணக்குச் சின்னதுதான். சென்சரின் மூலைவிட்டத்தை எடுங்கள். பில்டருக்கும் சென்சருக்கும் இடையிலுள்ள தூரத்தைத் தொலைகாட்டியின் எஃப் எண்ணால் (குவியத் தூரத்தை வாய் விட்டத்தால் வகுத்த எண்) வகுத்து அதோடு கூட்டுங்கள். வருகிற விடைதான் பில்டரில் உங்களுக்குத் தேவையான குறைந்தபட்சக் கண்ணாடி விட்டம். ஐ.எம்.எக்ஸ் 571 சென்சரின் மூலைவிட்டம் 28 மில்லிமீற்றர். பில்டர் 20 மில்லிமீற்றர் முன்னால், தொலைகாட்டி எஃப்/5. 20ஐ 5ஆல் வகுத்தால் 4, மொத்தம் 32. ஒன்றேகால் அங்குலப் பில்டரில் சட்டம் போக மிஞ்சுகிற கண்ணாடி 27 மில்லிமீற்றர் அளவில்தான் இருக்கும், ஆகவே படத்தின் மூலைகள் இருளும். 36 மில்லிமீற்றர் போதும். ஐ.எம்.எக்ஸ் 533 என்றால் 16உம் 4உம் 20, அதற்கு ஒன்றேகால் அங்குலமே தாராளம்.

இரண்டு அங்குலப் பில்டரைப் பின்னால் பெரும்பாலான பெரிய கமராக்களுக்கும் பாவிக்கலாம் என்பது உண்மை. ஒரே ஒரு இருவீச்சுப் பில்டர் வாங்குபவர் இரண்டு அங்குலத்திலேயே வாங்கட்டும். ஏழு பில்டர் வாங்கும் மோனோக்காரர் கணக்குப் பார்த்து வாங்கினால் மிஞ்சுகிற காசில் இன்னொரு நல்ல பில்டர் வரும்.

12. "சிவப்பில போக்கஸ் சரி, நீலத்துக்கு மாத்தினாப் போக்கஸ் போகுது. பில்டர் பழுதோ?"

பழுதாக இருக்க வேண்டியதில்லை. ஒளிப்பாதையில் கண்ணாடி வைத்தால் குவியும் இடம் அந்தக் கண்ணாடித் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு பின்னால் போகும். 2 மில்லிமீற்றர்க் கண்ணாடி என்றால் 0.7 மில்லிமீற்றர் அளவு. செட்டில் எல்லாம் ஒரே தடிப்பு என்றால் எல்லாம் ஒரே அளவு தள்ளும், போக்கஸ் மாறாது. ஒன்று 2, இன்னொன்று 3 என்றால் இடையில் மூன்றில் ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம் வரும். எஃப்/5 தொலைகாட்டியில் கூர்மை நிற்கிற இடம் பத்தில் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு என்பதால் அது பெரிய வித்தியாசம்.

எனக்கு இது நடந்தது. ஒருவரிடம் பாவித்த செட் ஒன்று வாங்கினேன். மூன்று ஒரு தயாரிப்பு, நீலம் வேறு தயாரிப்பு. சட்டம் ஒரே கறுப்பு நிறம் என்பதால் தெரியவில்லை. இரண்டு மாதம் தொலைகாட்டியைச் சந்தேகித்து, கடைசியில் வேர்ணியர் இடுக்கிமானியால் அளந்தபோதுதான் கண்டுபிடித்தேன். பாவித்த செட் வாங்கினால் முதலில் தடிப்பை அளந்து பாருங்கள், இடுக்கியின் தாடை கண்ணாடியின் நடுவில் படாமல். இன்னொன்று: தடிப்பு ஒன்றாக இருந்தாலும் மலிவான லென்ஸ் தொலைகாட்டி நீலத்தை வேறிடத்தில்தான் குவிக்கும். அதற்கு பில்டரைக் குறை சொல்ல முடியாது, ஒவ்வொரு நிறத்துக்கும் போக்கஸ் செய்யத்தான் வேண்டும்.

13. "கனடாவில இருந்து மாமா வாறார். என்ன பில்டர் கொண்டுவரச் சொல்ல?"

மாமாவிடம் சொல்வதற்கு முன் 11ஆம் பதிலின் கணக்கைச் செய்யுங்கள். பிறகு உங்கள் பில்டர் வீலில், அல்லது லாச்சி மாதிரி இழுத்து மாற்றும் பெட்டியில், மரையுள்ள சட்டம் போகுமா, சட்டமில்லாத வெறும் கண்ணாடி போகுமா என்று பாருங்கள். இரண்டும் வேறு. வந்த பிறகு மாற்ற ஏலாது, மாமா அடுத்த முறை வர எத்தனை வருடமோ.

கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். பெட்டி சின்னது, பாரம் இல்லை. எந்தத் தயாரிப்பு என்று கேட்டால், உங்கள் தொகைக்குள் எல்லா நிறமும் ஒரே தயாரிப்பில் கிடைக்கிற செட். ஒன்றை மட்டும் விலை கூட்டி வாங்குவதானால் அது ஓ-3ஆக இருக்கட்டும். அடுத்த பதிலைப் பார்த்தால் ஏன் என்று விளங்கும்.

14. "பெரிய நட்சத்திரத்தைச் சுத்தி வட்டமா ஒரு ஒளி விழுது. ஏன்?"

குதிரைத்தலை நெபுலா எடுத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பக்கத்திலேயே அல்னிட்டாக் இருக்கிறது, ஓரியன் இடுப்புப் பட்டியின் கிழக்கு நட்சத்திரம். சென்சரில் பட்ட ஒளியில் கொஞ்சம் திரும்பிப் போய்ப் பில்டரில் பட்டு மறுபடி சென்சருக்கு வருகிறது. வருவதற்குள் விரிந்துவிடுவதால் வட்டம். வீச்சு எவ்வளவு குறுகுகிறதோ அவ்வளவுக்கு பில்டர் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி ஒளியைத் தெறிக்கும்; மலிவான ஓ-3களில் இது மோசம்.

முதலில் பில்டரைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கப் பூச்சும் ஒன்றல்ல, சில சட்டங்களில் எந்தப் பக்கம் வானத்தை நோக்க வேண்டும் என்று அம்புக்குறி இருக்கும். போகாவிட்டால் பில்டருக்கும் சென்சருக்கும் இடையிலுள்ள தூரத்தை மாற்றிப் பாருங்கள். வட்டம் பெரிதாகி மங்கினால் பின்னர் மென்பொருளில் நீக்குவது சுலபம்.

15. "பிளாட் படம் ஒவ்வொரு பில்டருக்கும் தனித்தனியா எடுக்கவேணுமோ?"

ஆம். பிளாட் என்பது சீரான வெளிச்சத்தை மட்டும் எடுத்து, தூசித் தடத்தையும் மூலை இருளையும் படத்திலிருந்து நீக்கப் பாவிக்கும் படம். தூசி ஒவ்வொரு பில்டரிலும் ஒவ்வோர் இடத்தில் இருக்கும். சிவப்பின் பிளாட் நீலத்தின் தூசியை எடுக்காது, தனக்கு உள்ள தூசியின் தடத்தை அதில் பதித்தும் விடும்.

நான் வெளுத்த வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்துக் குழாய் வாயில் சுருக்கமில்லாமல் இழுத்து, ரப்பர் வளையம் போட்டு, விடியற்காலை வானத்தைப் பார்க்க வைத்து எடுக்கிறேன். கஞ்சி போட்ட வேட்டி ஆகாது, மடிப்புக் கோடு விழும். எங்கள் ஊரில் சூரியன் கிட்டத்தட்ட நேராக எழுவதால் வெளிச்சம் விறுவிறென்று கூடிவிடும். விடியலில் என்றால் எல்லில் தொடங்கி, ஆர்.ஜி.பி முடித்து, வெளிச்சம் நன்றாக வந்த பிறகு குறுவீச்சு. மாலையில் என்றால் தலைகீழ்.

16. "பில்டரில சிலந்தி வலை மாதிரி இருக்கு. துடைச்சா வருமோ?"

டோர்ச் லைட்டைச் சரிவாகப் பிடித்துப் பாருங்கள். ஒரு புள்ளியில் தொடங்கி மயிரிழை மாதிரிக் கிளை பிரிந்து போனால் அது பூஞ்சணம். கார்த்திகை மழைக்குள் அலுமாரியில் மூடி வைத்த பில்டர்களில் நான் இதைக் கண்டிருக்கிறேன். தொடக்கத்திலேயே என்றால் வரும். முதலில் ஊதுபந்தால் தூசியை அகற்றுங்கள், பிறகு லென்ஸ் துடைக்கும் தாளில் சுத்தமான ஐசோபுரோபைல் அற்ககோல் ஒன்றிரண்டு துளி விட்டு, அழுத்தாமல் ஒரே திசையில் இழுங்கள். பூச்சுக்குள் இறங்கியிருந்தால் தடம் அப்படியே நிற்கும்.

கடற்கரையில் எடுத்துவிட்டு வந்தால் உப்புப் படிவு இருக்கும். அதற்கு முதலில் வடித்த நீர், பிறகுதான் அற்ககோல். உப்பின் மேல் காய்ந்த தாளை இழுத்தால் கீறும். சேமிக்க, இறுக்கமான மூடியுள்ள பெட்டியும் சிலிக்கா ஜெல்லும். அரிசிக்குள் வைக்கிறார்கள் சிலர். அரிசித் தூள்தான் மிஞ்சும், வேண்டாம்.

17. "இந்த பில்டரைப் போட்டுச் சூரியனைப் பிடிக்கலாமோ?"

கூடாது. எச்-அல்பா பில்டர் ஆனாலும் கூடாது. நெபுலாவுக்கான எச்-அல்பா பில்டரும் சூரியனுக்கான எச்-அல்பா தொலைகாட்டியும் பெயரில் மட்டும்தான் ஒன்று. சூரியனுக்கு என்று செய்த படலம் குழாயின் முன்வாயை முழுவதும் மூட வேண்டும், ஒளி உள்ளே போக முன்னமே தடுபட வேண்டும். 2010 ஜனவரி 15, 2019 டிசம்பர் 26 என்று இரண்டு கங்கண கிரகணங்கள் யாழ்ப்பாணத்துக்கு மேலாலேயே போயின. அப்படி ஒரு நாள் வரும்போது அவசரத்தில் யாரும் இந்தப் பிழையை விடக்கூடாது. பழைய தொலைகாட்டிகளோடு வந்த, கண்ணருகு வில்லையில் திருகும் சூரியக் கண்ணாடி இருந்தால் உடைத்து எறிந்துவிடுங்கள். சூட்டில் அது வெடிக்கும், பின்னால் இருப்பது உங்கள் கண்.

18. "கிரகத்துக்கு எண்டு தனிப் பில்டர் வேணுமோ?"

கலர் கமராவும் 5ஆம் பதிலில் சொன்ன பில்டரும் போதும். காற்று கொதிக்கிற இரவில் 685 நனோமீற்றருக்கு மேல் மட்டும் விடும் அகச்சிவப்புப் பில்டர் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் உதவும், நீண்ட அலை காற்றில் குறைவாக ஆடும். 889 நனோமீற்றர் மீதேன் பில்டரில் வியாழனின் பெரும் சிவப்புப் புள்ளி பிரகாசமாக எழும், ஆனால் ஒளி மிகக் குறைவு, பெரிய தொலைகாட்டி வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் காற்றுச் சிதறலைத் திருத்தும் அரியக் கருவி ஒன்றையும் கட்டாயம் என்பார்கள். லண்டனில் சில வருடங்களில் கிரகங்கள் 15 பாகை அளவுக்கு மேல் ஏறாது, அவர்களுக்கு அது தேவை. நாங்கள் 9.7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறோம், கிரகங்கள் உச்சிக்கு வரும்போது 50 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. உச்சியில் எடுங்கள், அந்தக் காசு மிச்சம்.

19. "மூண்டு குறுவீச்சையும் சேத்தா நீலமும் பொன்னுமா வருதே, அது பொய் நிறம் இல்லையோ?"

கண் காணும் நிறம் இல்லை. எச்-அல்பாவும் எஸ்-2உம் இரண்டுமே சிவப்பு, 656க்கும் 672க்கும் இடையில் எங்கள் கண் வித்தியாசம் காணாது. 1995இல் ஹபிள் எடுத்த எம்16 நெபுலாத் தூண்களில் கந்தகத்தைச் சிவப்பாகவும் ஐதரசனைப் பச்சையாகவும் ஒட்சிசனை நீலமாகவும் வைத்தார்கள். எந்த வாயு எங்கே இருக்கிறது என்று பிரித்துக் காட்டுகிற வரைபட நிறம் அது. நான் அதை விரும்பி எடுக்கிறேன், படத்துக்குக் கீழே எந்தப் பில்டர் எந்த நிறம் என்று எழுதியும் விடுகிறேன். நட்சத்திரங்கள் மட்டும் இயல்பான நிறத்தில் வர வேண்டுமென்றால் ஆர்.ஜி.பியில் பில்டருக்குப் பத்து நிமிடம் எடுத்து நட்சத்திரங்களை அதிலிருந்து சேருங்கள்.

20. "எஃப்/2இல எடுக்கிறன். 3 நனோமீற்றர் பில்டரில நெபுலாவே மங்குது."

4ஆம் பதிலில் பில்டரைச் சரித்தால் நிறம் மாறும் என்றேன். அதேதான் இங்கே நடக்கிறது. எஃப்/2இல் குழாயின் ஓரத்திலிருந்து வரும் கதிர் 14 பாகை சரிவில் பில்டரில் விழும். சரிந்து விழும் கதிருக்கு பில்டரின் வாசல் நீலப்பக்கம் நகர்ந்துவிடும், 656இல் ஏறக்குறைய 4 முதல் 5 நனோமீற்றர். 3 நனோமீற்றர் வாசல் அவ்வளவு நகர்ந்தால் எச்-அல்பா வெளியே நின்றுவிடும். எஃப்/5இல் நகர்வு 1 நனோமீற்றருக்கும் குறைவு, கவலையில்லை. எஃப்/2காரர்கள் அந்த வேகத்துக்கென்று வாசலைத் தள்ளி வைத்துச் செய்த பில்டரை வாங்க வேண்டும், அல்லது 7 நனோமீற்றருக்கு மேல் அகலமானதோடு நிற்க வேண்டும்.

21. "ஈற்றா கரினா நெபுலாவை ஆர்.ஜி.பியில எடுத்தா மஞ்சளாவே வருது. பில்டர் சமநிலை பிழையோ?"

பில்டர் சரி. அந்த நெபுலா எங்களுக்குத் தெற்கே 20 பாகை உயரத்துக்கு மேல் வராது. உச்சியில் இருப்பதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு காற்றைக் கடந்து அதன் ஒளி வருகிறது. காற்று நீலத்தைத்தான் கூடத் தின்னும், அந்த உயரத்தில் நீலத்தில் பாதி போய்விடலாம், சிவப்பில் இழப்பு குறைவு. அந்தி வானம் ஏன் சிவக்கிறது என்பதும் இதே காரணம்தான்.

சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி இரவு 9 மணி தாண்டும்போது அது நேர் தெற்கில் நிற்கும். அதற்கு முக்கால் மணி முன்னும் பின்னும் உள்ள நேரத்தை நீலத்துக்கு ஒதுக்குங்கள். ஏறிவரும்போது சிவப்பும் எச்-அல்பாவும், இறங்கும்போது பச்சை. நீலத்தின் மொத்த நேரம் சிவப்பைப்போல இரண்டு மடங்கு இருக்கட்டும். கலர் கமரா என்றால் இந்த வசதி இல்லை, நேர் தெற்குக்கு வரும் நேரத்தை நடுவில் வைத்து இரண்டு மணித்தியாலம் எடுத்து, மிச்சத்தை சிரிலின் நட்சத்திர அட்டவணை நிறத்திருத்தத்திடம் விடுங்கள். இடம் சாட்டி. அங்கே தெற்கே கடல்தான், வலை போடுகிறவர்களின் விளக்கு ஒன்றிரண்டு தவிர வேறு வெளிச்சம் குறுக்கே வராது.